ஐயாயிரம் தமிழ்ப் புத்தகங்களுக்கு எந்தக் கேட்டலாக்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஓர் ஊர் வாசகசாலையிடமோ தமிழ்ச் சங்கத்திடமோ ஐயாயிரம் புத்தகங்கள் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் வாசிப்பில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் மறைந்தபின் குடும்பத்தார் கொடுத்த சேகரிப்பாக இருக்கும். இதை எப்படிப் பட்டியலிடுவது என்று கேட்டால் இன்று நான்கு பதில்கள் வருகின்றன. எக்செல் ஷீட் போதும் என்பார் ஒருவர். கோஹா என்ற நூலக மென்பொருளைப் போட்டு முறைப்படி மார்க் (MARC) வடிவத்தில் பதிவுகள் செய்யுங்கள் என்பார் நூலக அறிவியல் படித்தவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் உள்ளே இருக்கிற எழுத்தையே தேடிக்கொள்ளலாம், பட்டியல் எதற்கு என்பார் கணினித் துறை நண்பர். நான்காமவர், தலைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து ஏஐயிடம் கொடுங்கள், அதுவே எழுதித் தந்துவிடும் என்பார்.

நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ்ப் புத்தகம் என்று வரும்போது நான்கும் சறுக்குகிற இடங்கள் உண்டு, அவை ஆங்கிலப் புத்தகங்களில் பெரிதாகத் தெரியாத இடங்கள். அவற்றைப் பார்க்காமல் முடிவெடுத்தால் மூன்று வருட உழைப்பு முடிந்தபின்தான் தவறு தெரியவரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

மெட்டாடேட்டா என்று பெரிய பெயர் வைத்தாலும் விஷயம் எளியதுதான். புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, எதைப் பற்றியது, எந்த அலமாரியில் இருக்கிறது என்கிற விவரங்கள். பழைய நூலகங்களின் மர இழுப்பறைகளில் கம்பியில் கோத்திருந்த கார்டுகளில் இருந்தவையும் இவைதான். 1876-இல் சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் ஒரு பட்டியல் செய்ய வேண்டிய வேலைகளை மூன்றாகச் சொன்னார். ஆசிரியரோ தலைப்போ பொருளோ தெரிந்து வருகிறவருக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும். ஓர் ஆசிரியர் எழுதியதில், ஒரு பொருளைப் பற்றியதில், நம்மிடம் இருப்பதெல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். பல பதிப்புகள் இருந்தால் எதை எடுப்பது என்று முடிவுசெய்ய உதவ வேண்டும்.

இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதோடு நம் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தவர், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பட்டியல் போடுகிறவரின் நேரமும் அதே அளவுக்கு அருமையானது, அதுவும் சம்பளமில்லாத் தொண்டர்களை நம்பி நடக்கிற இடத்தில்.

எக்செல்

பலர் இதை ஏளனமாகப் பார்ப்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, செலவில்லை, இன்றைக்கே தொடங்கலாம். கட்டரின் முதல் வேலையை நன்றாகவே செய்யும், தலைப்பு தெரிந்தால் கன்ட்ரோல் எஃப் போட்டு எடுத்துவிடலாம். ஒரு பதிவுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஐயாயிரம் புத்தகங்களை 250 மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாவது வேலையில் உடைந்துவிடுகிறது. நான்கு பேர் தட்டச்சு செய்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ‘புதுமைப்பித்தன்’ என்று போடுவார், இன்னொருவர் ‘புதுமைப் பித்தன்’ என்று இடம்விட்டுப் போடுவார், மூன்றாமவர் உள்பக்கத்தைப் பார்த்து ‘சொ. விருத்தாசலம்’ என்று போடுவார், நான்காமவர் ‘விருத்தாசலம் சொ’ என்பார். ஒரே மனிதர் ஷீட்டில் நான்கு பேராகிவிட்டார். வரிசைப்படுத்தினால் நான்கு இடத்தில் கிடப்பார். இதை எக்செல் தடுக்காது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரிதான்.

இதற்கும் மருந்து உண்டு. ஆசிரியர்களுக்குத் தனி ஷீட் ஒன்று போட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, புத்தக ஷீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதுவது. இந்த ஒரு பழக்கம் இருந்தால் எக்செல்கூட மதிக்கத்தக்க பட்டியலாகிவிடும். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் குப்பைதான். ஆசிரியர் எண் விஷயத்தை மனதில் வையுங்கள், கடைசிவரை அது நம்மோடு வரும்.

கோஹாவும் மார்க்கும்

கோஹா இலவச மென்பொருள். நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் ஓடுகிறது. நம் நாட்டு அரசின் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) தருகிற ஈ-கிரந்தாலயாவும் இதே வேலைக்குத்தான். புத்தகம் கொடுத்து வாங்குவது, உறுப்பினர் அட்டை, பார்கோடு என்று அன்றாட வேலை எல்லாம் இதற்குள் முடியும்.

உள்ளே இருக்கும் பதிவு மார்க் 21 வடிவத்தில் இருக்கும். 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்ற கணினி நிரலாளர் தலைமையில் உருவானது இந்த முறை. ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்று இலக்க எண்: 100 என்றால் ஆசிரியர், 245 தலைப்பு, 250 பதிப்பு, 505 உள்ளடக்கம், 650 பொருள். பார்க்க மிரட்டும். ஆனால் ஒரு மாதம் பழகினால் கை தானாக ஓடும். இதன் பெரிய பலம், வேறு நூலகம் ஏற்கெனவே செய்த பதிவை இழுத்து நம்முடையதில் போட்டுக்கொள்ளலாம் என்பது.

தமிழுக்கு இங்கே ஒரு விசித்திரமான வரலாறு இருக்கிறது. அமெரிக்கா அனுப்பிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி, 1962 முதல், இந்தியாவில் வெளியான புத்தகங்களை அமெரிக்க நூலகங்களுக்கு வாங்கச் செலவானது. பிஎல் 480 திட்டம் என்பார்கள். காங்கிரஸ் நூலகத்தின் டில்லி அலுவலகம் அந்த வேலையைச் செய்தது. அதனால்தான் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த நம் நாவல் ஒன்றுக்குச் சென்னையில் பதிவு கிடைக்காவிட்டாலும் வாஷிங்டனிலோ சிகாகோவிலோ கிடைக்கும்.

கிடைக்கும், ஆனால் ரோமன் எழுத்தில். மார்க்கின் பழைய எழுத்துக் குறியீட்டில் தமிழே இல்லை. ஆகவே தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் கோடுகள் போட்டு, ஒரு கறாரான விதிப்படி எழுதினார்கள். அந்த விதியில் சகரத்துக்கு ஆங்கில ‘சி’ (C) எழுத்து. ஆகவே சுஜாதாவின் பெயர் அங்கே ‘சி’ வரிசையில் வரும். நம்மூரில் யாரும் அப்படித் தேட மாட்டார்கள், ‘எஸ்’ போட்டுத்தான் தேடுவார்கள். புதுமைப்பித்தனைத் தகரத்துக்கு வெறும் ‘டி’ (T) போட்டு எழுதியிருப்பார்கள், நாம் ‘டிஎச்’ போடுவோம். அறிஞர்களுக்கு அந்த விதி ஐயமில்லாதது. வாசகருக்கோ பூட்டிய கதவு.

நான் சொல்வது இதுதான்: பதிவை இழுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 100-லும் 245-லும் தமிழ் எழுத்திலேயே தலைப்பையும் ஆசிரியரையும் போடுங்கள். வந்த ரோமன் வடிவத்தை மாற்றுத் தலைப்பாக 246-இல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கோஹாவை நிறுவித் தருகிறவரிடம் முதல் நாளே தமிழ் எழுத்தையும் சரியாகத் தேடவைக்கும் ஐசியு (ICU) இண்டெக்சிங் போடச் சொல்லுங்கள், அல்லது எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியை இணைக்கச் சொல்லுங்கள். இயல்பாக வரும் அமைப்பு ரோமன் எழுத்தை மனதில் வைத்தது. தமிழில் தேடினால் இருக்கிற புத்தகமே இல்லை என்று சொல்லும். இதைக் கவனிக்காமல் பல மாதம் பதிவு போட்டுவிட்டு, தேடல் வேலை செய்யவில்லை என்று தலையில் கைவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வகை எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூயி என்ற வகைப்படுத்தும் முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. முழுக்கத் தமிழ்ப் புத்தகங்களே உள்ள நூலகத்தில் ஒவ்வொரு முதுகுச் சீட்டிலும் அந்த ஆறு இலக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதி என்ன பயன்? நாவல், சிறுகதை, கவிதை என்று பெயரை எழுதி ஆசிரியரின் முதல் மூன்று எழுத்தைப் போட்டால் போதும். டூயி எண் பதிவுக்குள் இருக்கட்டும்.

ஸ்கேன் செய்து உள்ளே தேடுவது

இந்த வழியைப் பலர் எதிர்காலம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓரளவு அது நடந்தும் விட்டது. ஆனால் 2009-லேயே ஜெஃப்ரி நன்பர்க் என்ற மொழியியலாளர் கூகுள் புக்ஸில் இருந்த ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஏராளமான புத்தகங்களுக்கு 1899 என்று தவறாக ஆண்டு பதிவாகியிருந்தது. எழுத்து முழுவதும் இருக்கிறது, தேடல் மின்னல் வேகம், ஆனால் ஒரு சொல் எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று ஆராய்கிறவருக்கு அந்தத் தரவு வழிதவறச் செய்யும் பலகையாகிவிடுகிறது. முழு உரை இருந்தாலும் அதன்மேல் ஒட்டிய விவரம் சரியாக இருக்க வேண்டும்.

தமிழில் இன்னும் மூன்று தடைகள்.

முதலாவது, நம் சொற்கள் ஒட்டி வளர்பவை. நூலகம், நூலகத்தில், நூலகத்துக்கு, நூலகங்களிலிருந்து. ‘நூலகம்’ என்று தேடினால் மகரத்தில் முடிகிற சொல் மட்டும் வரும், மற்றவை தப்பிவிடும். புணர்ச்சியில் ‘நூலகப்பணி’ என்று வந்தால் அதுவும் போச்சு. சொல்லின் வேரைப் பிரித்துத் தேடும் கருவி இருந்தால் இதைச் சமாளிக்கலாம், சிறு நூலகத்தின் மென்பொருளில் அது இருக்காது.

இரண்டாவது எழுத்துருவம். ஔவையார் என்று தேடிப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தைப் போடாமல் ‘ஒ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டிருந்தால் திரையில் ‘ஒளவையார்’ என்று கிட்டத்தட்ட அதேபோலத் தெரியும். கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஔவையாரின் புத்தகங்கள் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரியான எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் ஒருமுறை தேடிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது ஓசிஆர், அதாவது ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் கருவி. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கும் முன் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா எல்லாம் வளைந்து ஒட்டிய பழைய வடிவத்தில் இருக்கும். லை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற கொம்பு இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய கருவி அங்கே தடுமாறும். இன்னும் பழையவற்றில் ரகரமும் துணைக்காலும் ஒரே உருவம். ஆண்டைத் தமிழ் எண்ணில் அச்சடித்திருந்தால் இன்னும் மோசம். 1887 என்பது ௧௮௮௭. கருவி அதைக் ‘கஅஅஎ’ என்று வாசித்து வைக்கும். ஆண்டு என்ற தகவலே காணாமல் போய்விடும்.

இவற்றை எல்லாம் தாண்டினாலும் சட்டம் நிற்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. 1954 டிசம்பரில் மறைந்த கல்கியின் எழுத்துக்கு அந்தக் காலம் 2014-உடன் முடிந்தது, தமிழக அரசு அதற்கு முன்பே அதை நாட்டுடைமையாக்கியும் விட்டது. 2008-இல் மறைந்த சுஜாதாவின் எழுத்து 2068 முடியும்வரை அப்படி ஆகாது. உங்கள் ஐயாயிரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையாகத்தான் இருக்கும். ஸ்கேன் செய்தாலும் இணையத்தில் போட முடியாது. ஆனால் அந்தப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது என்ற பதிவை உலகம் முழுவதுக்கும் காட்டலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

வேலையளவையும் பாருங்கள். சராசரி 200 பக்கம் என்றால் ஐயாயிரம் புத்தகம் பத்து லட்சம் பக்கம். ஆகவே ஸ்கேனைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். காப்புரிமை முடிந்த, வேறெங்கும் மின்வடிவம் இல்லாத, தாள் உடையத் தொடங்கிய புத்தகங்களுக்கு மட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளவே முதலில் ஒரு பட்டியல் வேண்டும்.

ஏஐயிடம் கொடுப்பது

தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் கொடுத்தால் இன்றைய கருவிகள் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, ஐஎஸ்பிஎன் எல்லாவற்றையும் பிரித்துத் தருகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் அச்சான புத்தகங்களுக்கு இது நல்ல உதவி. தட்டச்சு நேரம் வெகுவாக மிச்சம். இதைப் பயன்படுத்தாமல் இருப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

ஆனால் எதில் கைகொடுக்கும், எதில் கைவிடும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் மின்நூல்களை வைத்துச் சோதித்தபோது தலைப்பு, ஆசிரியர் போன்றவை நன்றாக வந்தன, பொருள் தலைப்புகளில் இயந்திரம் வெகுவாகப் பின்தங்கியது. ஃபின்லாந்தின் தேசிய நூலகம் உருவாக்கிய ஆனிஃப் என்ற கருவி பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்கிறது, அங்கே பயனாகவும் இருக்கிறது. அது கற்றுக்கொண்டது எதிலிருந்து? மனித நூலகர்கள் பல ஆண்டுகளாகக் கையால் செய்த பதிவுகளிலிருந்து. தமிழில் அப்படிக் கற்றுக்கொடுக்கப் போதுமான பதிவுகளை நாம் இன்னும் உருவாக்கவில்லை. இயந்திரம் வந்துவிட்டதால் பட்டியல் வேண்டாம் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய புத்தகங்களில் வேறு சிக்கல். தலைப்புப் பக்கத்தில் ‘ஸ்ரீமுக வருடம் ஆனி மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஸ்ரீமுக 1873-இலும் வரும், 1933-இலும் வரும். ஏஐ இரண்டில் ஒன்றைத் தயக்கமே இல்லாமல் எழுதிவிடும். மனிதர் என்ன செய்வார்? அச்சகத்தின் பெயரைப் பார்ப்பார், அந்த அச்சகம் எப்போது இயங்கியது என்று தேடுவார், பின் அட்டை விளம்பரத்தில் வேறு என்ன புத்தகங்கள் வந்திருக்கின்றன என்று பார்ப்பார், தாளைத் தொட்டுப் பார்ப்பார். அப்படியும் தெரியாவிட்டால் ‘1873 அல்லது 1933’ என்று இரண்டையும் எழுதிவைப்பார். அந்த ‘அல்லது’ பெரிய நேர்மை. அடுத்து வரும் ஆய்வாளர் அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொரு விஷயம், இன்று தகவல் தேடுகிறவர்கள் நேராக ஏஐயிடமே கேட்கிறார்கள். அது இல்லாத புத்தகத்துக்கும் பெயரும் பதிப்பகமும் ஆண்டும் சொல்லும். அந்தச் சீட்டோடு மாணவர்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். அந்தப் புத்தகம் உண்மையில் அச்சானதா என்று சரிபார்க்க நம்பத்தகுந்த பட்டியல் ஒன்று எங்கோ இருந்தே ஆக வேண்டும். ஏஐ பெருகப் பெருக அப்படிப்பட்ட பட்டியலின் தேவை கூடுகிறது. 1865-இல் ஜான் மர்டாக் அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி வெளியிட்ட பட்டியலையும், பிரிட்டிஷ் மியூசியத்தின் தமிழ் நூல்களுக்கு 1909-இல் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் செய்ததையும் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஈழத்துத் தமிழ் நூல்களை ஒன்றொன்றாகப் பதிவுசெய்யும் என். செல்வராஜாவின் நூல் தேட்டம் 2002-இல் தொடங்கியது, தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். அவற்றில் வருகிற ஒவ்வொரு பதிவும் இப்படி ஒரு புத்தகம் இருந்தது என்பதற்குச் சாட்சி.

பெயர்தான் எல்லாம்

நான்கு வழிகளையும் பார்த்தாயிற்று. எதை எடுத்தாலும் தீராத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது, பெயர்களைச் சேர்ப்பது. நூலகர்கள் அத்தாரிட்டி ஃபைல் என்பார்கள்.

‘கல்கி’ என்று தேடுகிறீர்கள். ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற எழுத்தாளர் வருவார். அவர் 1941-இல் தொடங்கிய வார இதழ் வரும். விஷ்ணுவின் பத்தாவது அவதாரத்தைப் பற்றிய பக்திப் புத்தகம் வரும். எழுத்தாளர் கல்கியைப் பற்றி மற்றவர்கள் எழுதிய நூல்களும் வரும். முழு உரைத் தேடலில் இவை எல்லாம் ஒரே குவியல். எழுத்தாளருக்கு ஓர் எண், இதழுக்கு ஓர் எண், அவதாரத்துக்குப் பொருள் தலைப்பு என்று பிரித்திருந்தால் ஒரே சொடுக்கில் வேண்டியது வரும்.

அதன்பின் பொன்னியின் செல்வன். காப்புரிமை போனதால் பதிப்பகத்துக்கு ஒன்று என்று குவிந்துகிடக்கிறது. ஐந்து பாகம் ஐந்து புத்தகமாக, ஒரே தடித்த புத்தகமாக, சுருக்கமாக, சித்திரக்கதையாக, ஆங்கில மொழிபெயர்ப்பாக. கேட்டு வருகிற பாட்டி வேண்டுவது இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் உள்ள பதிப்பை. பள்ளி மாணவிக்குச் சுருக்கம் போதும். ‘மணியம் ஓவியங்களுடன்’, ‘சுருக்கம்’ என்று பதிவில் இரண்டு சொல் இருந்தால் இருவரும் அலமாரிக்குப் போகும் முன்பே முடிவெடுத்துவிடுவார்கள். கட்டர் சொன்ன மூன்றாவது வேலை இதுதான். இந்த இரண்டு சொல்லை எழுத ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்ட வேண்டும்.

பெயர்களுக்கு எண் கொடுக்கும்போது புதிதாக ஒன்றை நீங்களே உருவாக்குவதைவிட விக்கிடேட்டா எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது. 2012-இல் தொடங்கிய இந்தத் திறந்த தரவுத்தளத்தில் அறியப்பட்ட தமிழ் எழுத்தாளர்கள் பலருக்கு ஏற்கெனவே எண் இருக்கிறது. புனைபெயர், இயற்பெயர், ரோமன் வடிவங்கள் எல்லாம் அதே எண்ணின்கீழ் வரும், யாரும் எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இல்லாதவருக்கு நீங்களே பதிவு தொடங்கலாம். நாளைக்கு இன்னொரு ஊர் நூலகமும் அதே எண்ணைப் போட்டால் இரண்டு பட்டியலும் யாரும் கை வைக்காமலே இணைந்துகொள்ளும். நூலக மெட்டாடேட்டாவின் எதிர்காலம் என்று பெரிய நூலகங்கள் மார்க்குக்கு மாற்றாக வரும் பிப்ஃப்ரேம், இணைந்த தரவு என்றெல்லாம் பேசுவதன் சாரம் இதுதான். சிறு நூலகம் அந்த மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு கூடுதல் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதினால் போதும்.

பொருள் தலைப்புக்கும் இதே ஒழுங்கு. காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் நம் வாசகர் அவற்றைத் தேட மாட்டார். தமிழில் நூறு சொல்லுக்கு மிகாத பட்டியல் ஒன்றை உட்கார்ந்து எழுதுங்கள். சோதிடம், ஜோதிடம், சோசியம் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்குத் திருப்பிவிடுங்கள். வைத்தியமும் மருத்துவமும் அப்படியே. பட்டியலில் இல்லாத சொல்லை ஒருவரும் தன்னிஷ்டத்துக்குச் சேர்க்கக் கூடாது.

உழைப்பை எங்கே செலவிடுவது

எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அளவு உழைப்பு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஐயாயிரத்தில் நாலாயிரத்து ஐந்நூறு, வேறு பல நூலகங்களிலும் இருப்பவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இழுத்துக்கொண்ட பதிவோ ஏஐ தயாரித்த வரைவோ போதும், பெயரையும் பதிப்பையும் மட்டும் கண்ணால் சரிபாருங்கள்.

மீதி இருப்பதுதான் பொக்கிஷம். உள்ளூர்ப் பள்ளியின் பொன்விழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், ஒரு பெரியவரின் மணிவிழா மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, சிற்றூர்ப் புலவர் சொந்தக் காசில் அச்சிட்ட பதிகம். ‘பொன்விழா மலர்’ என்று மட்டும் பதிவு போட்டால் அது யாருக்கும் கிடைக்காது, உலகத்தில் எத்தனையோ பொன்விழா மலர்கள். பள்ளியின் பெயர், ஊர், ஆண்டு, உள்ளே யார் யார் என்ன தலைப்பில் எழுதியிருக்கிறார்கள், எந்தப் பழைய படங்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். மார்க்கில் 505 என்ற இடம் இதற்காகவே இருக்கிறது. அந்த மலரில் ஊர் ஏரியைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரைதான் அந்த ஏரியைப் பற்றி அச்சில் இருக்கும் ஒரே எழுத்தாக இருக்கலாம். ஒன்றுக்கு அரை மணி நேரம் செலவானாலும் தகும். இப்படி ஐந்நூறு இருந்தால் 250 மணி நேரம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்தவர். அவர் திரட்டியவற்றில் இத்தகைய சில்லறை அச்சுகளும் உண்டு. 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-இல் சென்னையில் அதைக் கொண்டு ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. ஒழுங்காகப் பதிவானதால்தான் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்க்க 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற திட்டமும் ஆவணத்துக்கு ஓர் எண், ஒரு விவரப் பக்கம் என்ற எளிய ஒழுங்கில்தான் வளர்ந்தது.

சரி, முடிவு. இரண்டாயிரம் புத்தகத்துக்குக் கீழ், முழுநேர ஆள் இல்லை, வெளியே இரவல் கொடுப்பதும் குறைவு என்றால் எக்செல் எடுங்கள். ஆசிரியர் ஷீட், பொருள் சொற்பட்டியல், விக்கிடேட்டா எண் மூன்றும் கட்டாயம். இரண்டாயிரத்துக்கு மேல், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கணினி தெரிந்த ஒருவர் இரண்டு மூன்று வருடம் கூட நிற்பார் என்றால் கோஹா. அந்த ஒருவர் இல்லாமல் கோஹாவில் இறங்க வேண்டாம், சர்வர் நின்றுபோன நாளில் பட்டியல் முழுவதும் போய்விடும். எக்செலில் ஒழுங்காகச் செய்திருந்தால் பின்னால் மார்க்எடிட் என்ற இலவசக் கருவி கொண்டு மார்க் பதிவுகளாக மாற்றி ஏற்றிவிடலாம், உழைப்பு வீணாகாது. ஏஐ இரண்டிலும் வரைவு எழுத மட்டும், ஒருவர் பார்க்காமல் எந்தப் பதிவும் உள்ளே போகக் கூடாது. ஸ்கேன் கடைசியில், பொறுக்கி எடுத்த இருநூறு முந்நூறுக்கு.

எந்த வழியானாலும் முதல் வாரம் கணினியைத் திறக்காதீர்கள். நால்வர் உட்கார்ந்து அலமாரியிலிருந்து ஐம்பது புத்தகங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தாளில் பதிவு எழுதி, நால்வரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, பட்டம் வேண்டுமா, புனைபெயரா இயற்பெயரா, முதற்பதிப்பு ஆண்டா கையில் உள்ள பதிப்பின் ஆண்டா. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அதை அச்சிட்டு வேலை நடக்கிற மேசைக்கு மேலே ஒட்டுங்கள், புதிதாக வருகிற தொண்டருக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.